பாராசிட்டமால் சரி, கஃபீன் மட்டும் 116 சதவீதம்: எங்கே தவறுகிறேன்?

மாத்திரைப்பொடி:
வணக்கம். பி.ஃபார்ம் இறுதியாண்டுத் திட்டப்பணி. பாராசிட்டமால் 500 மி.கி., கஃபீன் 65 மி.கி. சேர்ந்த மாத்திரையைப் புறஊதா நிறமாலை ஒளிமானியில் அளக்கிறேன். ஒருங்கமை சமன்பாட்டு முறை: இரண்டு அலைநீளங்களில் அளந்து, இரண்டு சமன்பாடுகளால் இரு மருந்துகளின் அளவையும் பிரித்தறிவது. இருபது மாத்திரைகளை எடைபோட்டு அரைத்து, 50 மி.கி. பாராசிட்டமாலுக்கு ஈடான பொடியை 100 மி.லி. தண்ணீரில் கரைத்து வடிகட்டினேன். அதில் 2 மி.லி. எடுத்து மறுபடி 100 மி.லி. ஆக்கினேன். உறிஞ்சளவு 243 நா.மீ. (நானோமீட்டர்) அலைநீளத்தில் 0.680, 273 நா.மீ.யில் 0.235. மாத்திரையில் குறித்த அளவோடு ஒப்பிட்டால் பாராசிட்டமால் 99.6 சதவீதம் வருகிறது. கஃபீன் 116! மூன்று முறை செய்தாயிற்று, இறங்க மறுக்கிறது. அடுத்த வாரம் வழிகாட்டியிடம் காட்ட வேண்டும்.

வடிதாள்:
320 நா.மீ.யில் வைத்துப் பாருங்கள். இரண்டு மருந்தும் அங்கே உறிஞ்சாது. ஏதாவது காட்டினால் மாத்திரையின் மாவு வடிதாளைத் தாண்டி வந்திருக்கிறது என்று பொருள். காரம் எதுவும் சேர்க்கவில்லையே? சோடியம் ஹைட்ராக்சைடில் பாராசிட்டமாலின் உச்சி 257க்கு நகர்ந்துவிடும். மருந்து நூலில் (மருந்துகளுக்கான அதிகாரப்பூர்வத் தரநூல்) இருக்கும் 715 என்ற உறிஞ்சுதிறன் எண் அந்தக் கரைசலுக்கானது, தண்ணீருக்கு அல்ல.

மாத்திரைப்பொடி:
320ல் 0.001தான். தண்ணீரைத் தவிர வேறெதுவும் சேர்க்கவில்லை, அண்ணா.

பழைய குவெட்:
சமன்பாட்டில் போட்ட உறிஞ்சுதிறன் எண்களைச் சொல்லுங்கள். அவை எங்கிருந்து வந்தன என்பதையும்.

மாத்திரைப்பொடி:
ஒரு சதவீதக் கரைசல், 1 செ.மீ. கணக்கில், பாராசிட்டமால் 243ல் 660, 273ல் 160. கஃபீன் 150, 500. கஃபீனை நானே அளந்தேன். பாராசிட்டமால் எண்கள் சென்ற ஆண்டு இதே பணியைச் செய்த அக்காவின் பதிவேட்டில் இருந்தவை. அவர் பக்கத்து ஆய்வகத்துப் பழைய கருவியில் எடுத்தார்.

பழைய குவெட்:
பிடிபட்டது. உங்கள் கரைசலில் கஃபீன் மில்லிலிட்டருக்கு 1.3 மைக்ரோகிராம்தான், அதாவது 0.00013 சதவீதம். 273ல் அதன் பங்கு 500 × 0.00013, அதாவது வெறும் 0.065. மிச்சமெல்லாம் பாராசிட்டமாலுடையது. யானையையும் பாகனையும் சேர்த்து எடைபோட்டு, யானையின் எடையைக் கழித்துப் பாகனை அறியப் பார்க்கிறீர்கள். யானையின் எடையில் சிறு பிசகு வந்தாலும் பாகன்தான் பருத்துப் போவான்.

243 பாராசிட்டமாலுக்கு உச்சி. அங்கே நிறமாலை தட்டையாக இருப்பதால் கருவி ஒரு நா.மீ. விலகினாலும் எண் பெரிதாக மாறாது. 273 சரிவு, அதே ஒரு நா.மீ. அங்கே எண்ணைப் புரட்டிவிடும். கருவியின் அலைநீளத்தைச் சரிபார்க்க உதவும் ஹோல்மியம் கரைசலில் 241.15, 287.15 உச்சிகளை வைத்துச் சோதிக்கும்போது 1 நா.மீ. விலகலை மருந்து நூலே அனுமதிக்கிறது. இரு கருவிகளும் தேறியிருந்தும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் இருக்கலாம். தூய பாராசிட்டமாலை உங்கள் கருவியில், மாத்திரையை அளக்கும் அதே நாளில் அளந்து, அந்த எண்களைப் போடுங்கள்.

மாத்திரைப்பொடி:
இன்று காலை அளந்தேன். 243ல் அதே 660. 273ல் 170! மாத்திரையின் அளவீடு மாறவில்லை. மறுபடி கணக்குப் போட்டால் பாராசிட்டமால் 100.1, கஃபீன் 99.8.

வடிதாள்:
மகிழ்ச்சி. ஆனாலும் 0.065ஐ நம்பி அறிக்கை எழுதுவது எனக்கு உறுத்துகிறது. குவெட்டில் (கரைசலை ஊற்றி அளக்கும் சிறு கலம்) ஒரு விரல்ரேகை போதும், கெட்டுவிடும். கரைசலைக் காரமாக்கிக் குளோரோஃபார்மோடு குலுக்கினால் பாராசிட்டமால் உப்பாகித் தண்ணீரிலேயே தங்கிவிடும்; கஃபீன் மட்டும் குளோரோஃபார்முக்கு வரும். அதைத் தனியாக அளந்து ஒப்பிடுங்கள். புகைபோக்கி அலமாரிக்குள் வைத்துச் செய்யுங்கள்.

மாத்திரைப்பொடி:
நாளை செய்கிறேன். அக்காவின் பதிவேட்டில் 160ஐ அடிக்க மனம் வரவில்லை. அந்தக் கருவிக்கு அது சரியாகவே இருந்திருக்கும். பக்கத்தில் பென்சிலால் ‘பழைய கருவி’ என்று மட்டும் எழுதி வைத்தேன்.