வினைல் தரை: "மெத்துன்னு இருக்கு" என்று அப்பா சொன்னபோதே கவனித்திருக்க வேண்டும்

நங்கநல்லூர்க்காரன்

போன கார்த்திகையிலிருந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 78 வயது, முட்டி வலி. அவர் அறையில் பழைய மொசைக் தரை. விடிகாலையில் கால் வைத்தால் சில்லென்று ஏறும், ஈரம் பட்டால் வழுக்கும். அந்த ஓர் அறைக்கு மட்டும் மர டிசைன் வினைல் பிளாங்க், அதாவது பலகை பலகையாக வருகிற பிளாஸ்டிக் தரை, போட்டோம். 2 மி.மீ., பசை தடவி ஒட்டுகிற வகை, 130 சதுர அடி. வேலைக்கு வந்தவரிடம், "தரைத்தளம், பழைய வீடு, ஓதம் இருக்குமே" என்று கேட்டேன். "மொசைக் மேலதானே சார் போடறோம், ஒண்ணும் ஆகாது" என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

முதல் மழைக்காலம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது மழைக்காலத்தில் அப்பா ஒருநாள், "தரை நல்லா மெத்துன்னு இருக்குடா" என்றார். அந்த மாதத்தில் மூன்று நான்கு தடவை சொல்லியிருப்பார். காலுக்கு இதமாக இருக்கிறது என்று சொல்கிறார் என எடுத்துக்கொண்டேன். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம் கட்டிலை நகர்த்திவிட்டு மண்டிபோட்டுத் துடைத்தேன். கையை ஊன்றினால், இரண்டு பிளாங்க் சேருகிற இடுக்கிலிருந்து பழுப்புத் தண்ணீர் கொப்பளித்து வந்தது. கையை எடுத்தால் உள்ளே போனது, அழுத்தினால் மறுபடி வந்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன். பிளாங்க் சிரமமே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. அடியில் பசை தயிர் மாதிரி வெள்ளையாகக் குழைந்து கிடந்தது. சுவரோரம் கறுப்பாகப் பூசணம். எங்கள் வீட்டுக்குள் மழைத்தண்ணீர் வந்ததே கிடையாது. அத்தனையும் கீழேயிருந்து ஏறிய ஓதம். தரை திறந்து கிடந்தவரை அது பாட்டுக்கு ஏறிக் காற்றில் உலர்ந்துகொண்டிருந்தது. நான் மேலே மூடிபோட்டுவிட்டேன்.

அந்தத் தரையில்தான் அப்பா ராத்திரி கைத்தடி ஊன்றிக்கொண்டு கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடந்திருக்கிறார். விழவில்லை. ஆனால் எத்தனை ராத்திரி என்று இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

தரைத்தளத்தில் போட்டு ஐந்தாறு வருடம் நன்றாக இருக்கிறது என்று யாராவது இருக்கிறீர்களா?

யீஷூன் அம்மா

அண்ணா, அப்பா விழாமல் இருந்தாரே, அது போதும். எங்களுடையது மாடி, அதனால் ஓதம் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. என் கதை வேறு.

சிங்கப்பூரில் ரீசேல் வீடு வாங்கினோம். பழைய டைல்ஸை உடைத்தால் சத்தம், தூசி, செலவு. அதனால் அதன் மேலேயே, பசை இல்லாமல் ஒன்றோடொன்று கிளிக் பண்ணி மாட்டுகிற எஸ்.பி.சி. (கல்தூள் கலந்த கெட்டி வினைல் பலகை) போட்டோம். இங்கே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் தரைப்பூச்சும் சேர்த்து மொத்தம் 50 மி.மீ. தடிமனுக்கு மேல் போகக்கூடாது, அதற்குள் அடங்கிவிட்டது. சாம்பல் நிறம், அவ்வளவு அழகு.

ஏழெட்டு மாதம் கழித்து அடுப்பங்கரையில் சிங்க் முன்னால் கிடந்த மிதியடியை எடுத்தபோது, அடியில் மஞ்சளாக ஒரு பெரிய கறை. பார்த்த உடனே மஞ்சள்தூள் கொட்டி ஊறியிருக்கிறது என்றே நினைத்தேன். வீட்டில் வேலை செய்த பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நான் இல்லை மேடம்" என்றாள். நம்பவில்லை. கொட்டினால் கொட்டினேன் என்று சொல்லலாமே என்று சற்றுக் கடுமையாகவே பேசிவிட்டேன். அவள் அரைமணி நேரம் மண்டிபோட்டுச் சோடா மாவு வைத்துத் தேய்த்தாள். போகவில்லை.

அவள் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய் இரண்டு மாதம் ஆனபின் வாசல் மிதியடியைத் துவைக்க எடுத்தேன். அங்கேயும் அதே மஞ்சள். மிதியடியின் அளவுக்கு அச்சாக, நாலு மூலையும் கூராக. ரப்பர் அடிப்பாகம் உள்ள மிதியடி வினைல் மேல் நாள்கணக்கில் கிடந்தால், ரப்பரில் இருக்கிற ரசாயனம் இறங்கி வினைலின் நிறத்தையே மாற்றிவிடுமாம். அது மேலே ஒட்டிய கறை இல்லை, தேய்த்துப் பயனில்லை. இப்போது பருத்தி மிதியடிதான் போடுகிறேன். அந்தப் பெண்ணின் பழைய எண்ணுக்குச் செய்தி அனுப்பினேன். போய்ச் சேரவில்லை.

ரசமட்டம்

கோவையில் 14 வருடமாகத் தரை வேலை செய்கிறேன். நங்கநல்லூர் சாருக்கு முதலில் ஒன்று. தப்பு வினைல் மேல் இல்லை. "ஒண்ணும் ஆகாது" என்று சொன்னவர் மேல்தான் தப்பு. ஓதம் ஏறுகிற தரையில் பசை போட்டு எதை ஒட்டினாலும் இதே கதைதான்.

நானும் ஒரு தடவை தப்பு செய்திருக்கிறேன். 2019 மே மாதம். மேற்குப் பார்த்த ஹால், பெரிய கண்ணாடிக் கதவு. ஸ்கர்ட்டிங் பீடிங் (சுவரோரம் இடைவெளியை மறைக்கிற பட்டை) வேண்டாம், சுவரோடு சுவராக ஒட்டவைத்துப் போடுங்கள் என்று வீட்டுக்காரம்மா சொன்னார். பார்க்கச் சுத்தமாக இருக்கும் என்று நானும் இடைவெளி விடாமல் போட்டுக் கொடுத்துவிட்டேன். இரண்டே வாரம். மத்தியானம் மூன்று மணிக்குப் போன்: "தம்பி, தரை எந்திரிச்சு நிக்குது." போய்ப் பார்த்தால் கண்ணாடிக் கதவோரம் இரண்டு வரிசை, வெயில் சூட்டில் விரிந்து நகர இடமில்லாமல், கூடாரம் மாதிரி முதுகு தூக்கி நிற்கிறது. அவங்க பையன் அதற்குள் பொம்மைக் காரை ஓட்டிக்கொண்டிருந்தான். சுவரோரம் எல்லாப் பக்கமும் 8 மி.மீ. அறுத்துவிட்டேன். திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வெயில் இறங்கி அறை குளிர்ந்ததும் அது மெதுவாகத் தானாகவே படுத்தது. அன்றிலிருந்து எந்த வீட்டிலும் இடைவெளி விடாமல் போட்டதில்லை.

போடப்போகிறவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். தரைத்தளம் என்றால் கெட்டியான பாலித்தீன் தாளை இரண்டடிக்கு இரண்டடி வெட்டித் தரையில் விரித்து, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். ஒருநாள், முடிந்தால் இரண்டு நாள் விட்டுப் பிரித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தாலோ, தரை அந்தச் சதுரத்தில் மட்டும் கறுத்திருந்தாலோ பசை வேலைக்கு ஆகாது. இதைச் சித்திரை வெயிலில் செய்து பார்த்துவிட்டு ஓதம் இல்லை என்று நம்பாதீர்கள், மழைக்காலத்தில் பாருங்கள். புதுச் சிமெண்ட் தரை என்றால் ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு மாதமாவது காய விட வேண்டும். அவசரப்படுத்துகிற வீட்டுக்காரர்கள்தான் அதிகம்.

அப்புறம் மட்டம். பத்தடி நீளத்துக்கு 5 மி.மீ.க்கு மேல் ஏற்ற இறக்கம் இருந்தால் கிளிக் பிளாங்க்கின் நாக்கு (அடுத்த பலகையில் மாட்டுகிற விளிம்பு) உடையும். உடைந்தபிறகு நடக்கும்போதெல்லாம் டிக் டிக் என்று கேட்கும், ஒன்றும் செய்ய முடியாது. ரசமட்டத்தை நீளப் பலகை மேல் வைத்து அறை முழுக்க ஓட்டிப் பாருங்கள். பள்ளம் இருந்தால் முதலில் பூசி நிரப்புங்கள். பெட்டிகளை வண்டியிலிருந்து இறக்கிய கையோடு போடக்கூடாது, அதே அறையில் படுக்கவைத்து 48 மணி நேரம் வையுங்கள். ஒரு வரிசை இணைப்பும் அடுத்த வரிசை இணைப்பும் அரையடியாவது தள்ளி இருக்கட்டும். சுவர், தூண், கதவு நிலை எல்லாவற்றையும் சுற்றி 8 மி.மீ. விட்டு, அதை ஸ்கர்ட்டிங்கால் மறையுங்கள். ஸ்கர்ட்டிங் ஆணி சுவரில் போக வேண்டும், பிளாங்க்கில் போகக்கூடாது. கிளிக் தரை மேல் அலமாரியை வைத்துத் தரையோடு திருகு போட்டு இறுக்குவதும் அதே தப்புதான், தரை நகர வழியில்லாமல் வேறெங்கோ தூக்கும்.

காரைக்குடி மருமகள்

ரசமட்டம் அண்ணன் சொன்ன அத்தனையும் சரியாகவே இருக்கட்டும். இவ்வளவு பரிசோதனை செய்து போட வேண்டிய தரை நம் ஊருக்கு எதற்கு? மாமியார் வீட்டில் ஆத்தங்குடி கல். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணத்தை ஊற்றி, சிமெண்டும் மணலும் போட்டு வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிறது. மூன்று தலைமுறை நடந்து நடந்து பளபளப்பு ஏறியிருக்கிறது. சொந்த வீடு கட்டுகிறவர்கள் அதைப் போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

ஆனால் நாங்கள் சென்னையில் வாடகைக்கு இருந்தபோது ஹால் முழுக்க வினைல் ஷீட், ரோலாக வருகிறதே, அது. ஒரு வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டுக்கொண்டு வந்தேன். கரண்டியிலிருந்து நெல்லிக்காய் அளவு கங்கு ஒன்று நழுவித் தரையில் விழுந்தது. குனிந்து இடுக்கியால் எடுப்பதற்குள் பிளாஸ்டிக் நாற்றம் குப்பென்று வந்தது. நடு ஹாலில் ஓட்டை, விளிம்பெல்லாம் பழுப்பாகச் சுருண்டு போயிற்று. அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பார்களோ என்று அன்று சாப்பாடே இறங்கவில்லை.

வீட்டுக்காரர் பரணில் மீதித் துண்டு ஒன்று சுருட்டி வைத்திருந்தார். ஷீட் ஒட்டுகிற ஒரு பெரியவர் வந்தார். அந்தத் துண்டை ஓட்டை மேல் வைத்து மரக்கோடுகளைக் கோட்டுக்குக் கோடு பொருத்தி டேப் ஒட்டினார். பிறகு இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, புது பிளேடால் மேல் துண்டையும் கீழ்த் தரையையும் சேர்த்து ஒரே வெட்டாக வெட்டினார். டிசைனில் கோடு எங்கே வருகிறதோ அங்கேயே வெட்டினார். அடியிலிருந்த எரிந்த சதுரத்தை எடுத்துவிட்டு மேல் சதுரத்தை உள்ளே வைத்தால் மயிரிழை இடைவெளி இல்லை. பசை தடவி, அம்மிக்குழவியைத் துணியில் சுற்றி ராத்திரி முழுக்க மேலே ஏற்றி வைக்கச் சொன்னார். காலி செய்யும்போது வீட்டுக்காரரே எது ஒட்டுப் போட்டது என்று தேடினார். மீதித் துண்டை யாரும் தூக்கிப் போடாதீர்கள்.

வேளச்சேரி மாடி

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தரைத்தளத்தில் முழங்கால் அளவுத் தண்ணீர், மூன்று நாள். கிளிக் எஸ்.பி.சி. போட்டிருந்தோம். வடிந்தபிறகு மேலே கழுவிவிட்டதும் தரை புதுசு மாதிரி இருந்தது. அக்கம்பக்கத்தில் எல்லோரும், "வாட்டர்ப்ரூஃப்தானே, விட்டுடுங்க" என்றார்கள்.

என் மனைவிதான் ஸ்கர்ட்டிங்கைக் கழற்றி ஒரு பிளாங்க்கைத் தூக்கச் சொன்னாள். அடியில் விரல் கனத்துக்குக் கறுப்புச் சேறு, சாக்கடை நாற்றம். பிளாங்க் தண்ணீரில் கெடாது என்பது உண்மை. அதற்கு அடியில் போன தண்ணீர் அங்கேயே நிற்கும் என்பதும் உண்மை. அவள் பேப்பர் டேப்பில் எண் எழுதி ஒவ்வொன்றிலும் ஒட்டிக்கொண்டே வந்தாள், நான் கழற்றிக்கொண்டே போனேன். மொத்தம் 114. சோப்புத் தண்ணீரில் கழுவி, மேல்வீட்டு ஹாலில் படுக்கப்போட்டு உலர்த்தினோம். இடம் போதாமல் பத்துப் பன்னிரண்டை மொட்டைமாடி வெயிலில் சாய்த்து வைத்தேன். அவை வில்லாக வளைந்துவிட்டன. வெயிலில் வைக்க வேண்டாம் என்று அவள் அப்போதே சொன்னாள். அடிப்பஞ்சு விரிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினோம். தரை நன்றாகக் காய ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. பிறகு எண் வரிசைப்படி நாங்களே மாட்டினோம். பசை போட்டு ஒட்டியிருந்தால் இது நடந்திருக்காது. காரைக்குடி அக்கா, கழற்றிக் கழுவி மாட்டுகிற வசதி ஆத்தங்குடி கல்லில் இல்லையே.

காரைக்குடி மருமகள்

கழற்ற வேண்டிய அவசியமே அதற்கு இல்லை தம்பி. தண்ணீர் வடிந்ததும் கழுவிவிட்டால் போதும்.

தஞ்சாவூர் டீச்சர்

துடைப்பது பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் தினமும் பினாயிலும் பாத்திரம் கழுவுகிற திரவமும் தாராளமாக ஊற்றித் துடைத்து வந்தோம். ஆறு மாதத்தில் தரை காலில் ஒட்டியது. பேரனின் பாதம் அப்படியே கறுப்பாகப் பதிந்தது. அழுக்கு என்று நினைத்து இன்னும் ஊற்றினோம். வெறும் வெந்நீரால் நாலு தடவை துடைத்து எடுத்தபிறகுதான், அது அழுக்கே இல்லை, சோப்புப் படலம் என்று தெரிந்தது.

வினைலுக்கு முதல் எதிரி மண்தான். பூந்துடைப்பத்தால் கூட்டாமல் மாப் போட்டால் மணலை வைத்துத் தேய்த்தது போல மேல்பூச்சில் கீறல் விழும். கூட்டியபின், அரை பக்கெட் தண்ணீருக்குப் பாத்திரத் திரவம் நாலைந்து சொட்டு போதும். மாப்பைச் சொட்டாமல் பிழியுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் ஒரு தடவை. செருப்புத் தேய்த்த கறுப்புக் கோட்டுக்குப் பள்ளிக்கூட அழிரப்பரே போதும். மெழுகு, சூயிங்கம் ஒட்டினால் ஐஸ் கட்டி வைத்து இறுகச்செய்து, பழைய ஏ.டி.எம். கார்டால் சுரண்டுங்கள், கத்தி வேண்டாம். மஞ்சள்தூள் கொட்டினால் உடனே உலர்ந்த துணியால் அள்ளிவிட்டு, அப்புறம் சோடா மாவைக் குழைத்துத் தடவுங்கள். கறை மிச்சம் இருந்து, அந்த இடத்தில் வெயில் விழுந்தால், சில நாளில் தானே வெளுக்கும். மஞ்சளின் நிறம் வெளிச்சத்துக்கு நிற்காது. நகச்சாயம் அழிக்கிற திரவத்தை மட்டும் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள், வினைலையே கரைக்கும். நீராவி மாப்பும் வேண்டாம், சூட்டில் பசை இளகும். நாற்காலிக் காலுக்கு ஃபெல்ட் ஒட்டுங்கள். பீரோ, கிரைண்டர் காலுக்கு அடியில் அகலமான பலகைத் துண்டு வையுங்கள், குழி விழாது.

நங்கநல்லூர்க்காரன்

எல்லோருக்கும் நன்றி. ரசமட்டம் சார், நீங்கள் சொன்னது சரி. அவர் சொன்னதை நான் அப்படியே ஏற்றுக்கொண்டதும் சேர்ந்துதான். யீஷூன் தங்கச்சி எழுதியதை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன்.

வினைல் முழுவதையும் பெயர்த்துவிட்டோம். மொசைக்கில் ஒட்டியிருந்த பசையைச் சுரண்டி எடுக்க மூன்று நாள் ஆயிற்று. நேற்று ராத்திரி இங்கே நல்ல மழை. இன்று காலை கட்டில் இருந்த இடத்தில் பாலித்தீன் தாளை விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டியிருக்கிறேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். "அப்ப நான் மெத்துன்னு இருக்குன்னு சொன்னது தண்ணியாடா?" என்றார். ஆமாம் என்றேன்.

இப்போது ராத்திரி எட்டு மணி. தாளின் ஒரு மூலையில் லேசாகப் பனி பிடித்த மாதிரி தெரிகிறது. நாளைக் காலை பிரித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.