பங்குக் கணக்கு பார்க்க எந்தச் செயலி? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

பிரிக்பீல்ட்ஸ் உறுப்பினர்:

யார் என்னிடம் கேட்டாலும் ஒன்றைத்தான் சொல்வேன். வண்ண வண்ண வரைபடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். மலேசியாவின் பப்ளிக் பேங்க் பங்கை 2020-இல் 1,000 வாங்கியதாகப் பதிந்து, இன்று என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 2021 ஜனவரியில் அந்த வங்கி ஒரு பங்குக்கு 4 போனஸ் பங்கு கொடுத்தது. 1,000 பங்கு 5,000 ஆனது. 20 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேலிருந்த விலை 4 வெள்ளிச் சொச்சத்துக்கு இறங்கியது. மொத்த மதிப்பு அதேதான்.

என் மாமா வைத்திருந்த செயலி விலையை மட்டும் மாற்றிவிட்டு எண்ணிக்கையை அப்படியே விட்டுவிட்டது. 80 விழுக்காடு நட்டம் என்று சிவப்பில் காட்டினால் மனுஷன் என்ன ஆவார்? பதறிப்போய் போன் போட்டார். நம் பங்குகள் பதிவாகியிருக்கும் சிடிஎஸ் கணக்கின் அறிக்கையில் 5,000 என்று இருப்பதைக் காட்டிய பிறகுதான் மூச்சு வந்தது.

நான் இப்போது பயன்படுத்துவது போர்ட்ஃபோலியோ பெர்ஃபாமன்ஸ். இலவசம், திறந்த மூல மென்பொருள். கோப்பு நம் கணினியிலேயே இருக்கும், எனக்கு அதுதான் பெரிய நிம்மதி. விலையை யாஹூ ஃபைனான்ஸிலிருந்து எடுத்துக்கொள்ளும். பப்ளிக் பேங்க் என்றால் அங்கே குறியீடு 1295.கேஎல் (1295.KL). பழக ஒரு வார இறுதியாவது ஒதுக்க வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பட்டர்வொர்த் உறுப்பினர்:

மேலே சொன்னது சரி. ஆனால் மாதாமாதம் பணம் போடுகிறவர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. போட்ட பணமும் வளர்ந்த பணமும் ஒன்றாகக் கலந்து, கணக்கு பெருத்துக்கொண்டே போவது போலத் தெரியும். அதற்குக் கூகுள் ஷீட்ஸே போதும் என்பது என் கருத்து. ஒரு பத்தியில் தேதி, அடுத்ததில் தொகை. போட்டதற்கு மைனஸ், எடுத்ததற்கு பிளஸ், கடைசி வரியில் இன்றைய மதிப்பு. எக்ஸ்ஐஆர்ஆர் (XIRR) சூத்திரத்தைப் போட்டால் ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு என்று வந்துவிடும். அப்புறம் அதை ஊழியர் சேமநிதியின் ஈவோடு (டிவிடெண்ட்) ஒப்பிட்டுப் பாருங்கள். பலருக்கு அங்கேதான் கண் திறக்கும்.

அமானா சஹாம் மலேசியா என்ற யூனிட் டிரஸ்ட் நிதி வைத்திருப்பவர்கள் கவனிக்க: யூனிட் விலை 1 வெள்ளியிலேயே நிற்கும், வருமானம் ஈவாகத்தான் வரும். விலையை மட்டும் பார்க்கும் செயலி லாபம் பூஜ்யம் என்றே காட்டும்.

செந்தூல் உறுப்பினர்:

அமெரிக்கப் பங்கு வைத்திருந்தால் வெள்ளியிலும் காட்டுகிற கருவியாகப் பாருங்கள். 2024 தொடக்கத்தில் டாலர் 4.80 வெள்ளியை நெருங்கியது. செப்டம்பர் கடைசியில் 4.12 அளவுக்கு வந்தது. பங்கு விலை அசையாமல் இருந்தாலும் வெள்ளிக் கணக்கில் சுமார் 14 விழுக்காடு குறைவு. ஈவிலும் 30 விழுக்காடு வரி பிடித்துக்கொண்டுதான் தருவார்கள், பிடித்தம் போக வந்த தொகையைப் பதியுங்கள்.

இன்னொன்று. எதில் பதிந்தாலும், எல்லாவற்றையும் எக்செல் போன்றவற்றில் திறக்கக்கூடிய சிஎஸ்வி (CSV) கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா என்று பத்து வரி பதிந்ததுமே சோதித்துவிடுங்கள். முடியாது என்றால் பதினோராவது வரியைப் பதியாதீர்கள்.