கும்பகோணம் – வேதாரண்யம் செய்திச் சர்வர்: இன்ஃபீடா, என்என்டிபிசெண்டா?

அரசலாறு:
இரண்டு ஊரிலும் ஐஎன்என் (யூஸ்நெட் செய்திக் குழுக்களை நடத்தும் சர்வர் மென்பொருள்) ஏற்றியாச்சு. டெல்டா.பாசனம் குழுவின் கட்டுரைகள் கும்பகோணத்திலிருந்து வேதாரண்யம் போகணும். என் ஓட்டு, எப்போதும் ஓடிக்கொண்டே அனுப்பும் இன்ஃபீடுக்கு. கட்டுரை வந்த நொடியே எதிர்முனைக்குக் கிளம்பிடும். க்ரான் (குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் கருவி) வைத்துப் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை, சேர்ந்ததை மொத்தமாக அனுப்பும் என்என்டிபிசெண்ட் ஓட்டுவது பழைய பழக்கம். ஐஹேவ் ('இது என்னிடம் இருக்கு, வேணுமா?') என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு அனுப்பினால் லைன் எப்போ காலியாகும்?

வெட்டாறு:
தம்பி, அது தப்பு. என்என்டிபிசெண்ட் உள்ளே ஓட்டுவது இன்எக்ஸ்மிட் என்ற அனுப்பும் நிரல். அதுவும் முதலில் மோட் ஸ்ட்ரீம் (ஒவ்வொரு பதிலுக்கும் காத்திருக்காமல் தொடர்ந்து அனுப்பும் முறை) கேட்டுப் பார்க்கும். எதிர்முனை சரின்னா செக் ('வேணுமா?'), டேக்திஸ் ('இந்தா') கட்டளைகள் வழியாகத்தான் போகும். வேகத்தில் சொல்லும்படி வித்தியாசம் கிடையாது. லைன் பாதியில் அறுந்தால் மிச்சத்தைப் பேட்ச் ஃபைலில் (அனுப்ப வேண்டியவற்றின் பட்டியல்) எழுதி வைக்கும், அடுத்த க்ரானில் தொடரும். இன்ஃபீட் 30 நொடியில் மறுபடி முயலும், தோற்கத் தோற்க இடைவெளியைக் கூட்டி 3600 நொடி வரை போய்விடும். கரண்ட் வந்த பிறகும் ஒரு மணி நேரம் சும்மா கிடக்கலாம்.

அரசலாறு:
அதுக்கு மேக்ஸ்-ரீகனெக்ட்-டைம் (மறுமுயற்சி இடைவெளியின் உச்சம், நொடியில்) 300 என்று இன்ஃபீட்.கான்ஃபில் ஒரு வரி போதுமே அண்ணே. க்ரானைவிடச் சீக்கிரம்.

கோரையாறு:
முதலில் இணைப்பு நிற்குமா பாருங்க. வேதாரண்யத்தில் இருப்பது பொது ஐபி இல்லாத வீட்டு ஃபைபர். வெளியிலிருந்து செய்திச் சர்வரின் 119-ஆம் போர்ட்டைத் தட்டினால் உள்ளே போகவே போகாது. அங்கிருந்து இங்கே வருகிற பக்கமும் தொல்லைதான். கட்டுரை தரலாம் என்ற எதிர்முனைகளின் பட்டியலான இன்கமிங்.கான்ஃபில் போட்ட ஹோஸ்ட்பெயரின் முகவரியை, ஐஎன்என்னின் முக்கிய நிரலான ஐஎன்என்டி அந்த ஃபைலை ஏற்றும்போதுதான் பார்க்கும். ஐபி மாறினால் அந்த இணைப்பை வாசகர் என்று நினைத்து, வாசகர்களைக் கவனிக்கும் என்என்ஆர்பிடியிடம் தள்ளிவிடும். வயர்கார்ட் விபிஎன் போட்டு இரு முனைக்கும் நிலையான உள்முகவரி கொடுங்க, அதையே இன்கமிங்.கான்ஃபில் எழுதுங்க. யாருக்கு எதை அனுப்புவது என்று சொல்லும் நியூஸ்ஃபீட்ஸ் ஃபைலில், எதிர்முனையின் பாத்ஹோஸ்ட் (கட்டுரையின் பாத் வரியில் அது பதிக்கும் பெயர்) எதுவோ, அதே பெயர்தான் தளத்தின் பெயராகவோ விலக்குப் பட்டியலிலோ இருக்கணும். இல்லாவிட்டால் அங்கிருந்து வந்த கட்டுரையை அங்கேயே திருப்பிக் கொடுக்கப் பார்க்கும். 438 ('வேண்டாம்') வாங்கிக்கொண்டு நிற்கும், சேதமில்லை. லாக் மட்டும் குப்பையாகும்.

வெட்டாறு:
வயர்கார்ட் சரி. அப்புறமும் என் கட்சி க்ரான்தான். கோளாறு வந்தால் பேட்ச் ஃபைலைத் திறந்தே பார்த்துக்கலாம்.

கோரையாறு:
நீங்க ரெண்டு பேரும் பெரிய ஓட்டையை விட்டுட்டீங்க. 2018 நவம்பர் கஜா புயலுக்குப் பிறகு வேதாரண்யம் பக்கம் பல ஊர்களில் எத்தனை நாள் கரண்ட் இல்லைன்னு நினைச்சுப் பாருங்க. ஐஎன்என்னில் ஆர்ட்கட்ஆஃப் (ஏற்கும் கட்டுரையின் வயது வரம்பு) இயல்பாகவே 10 நாள். அதைத் தாண்டிய தேதியுள்ள கட்டுரையைப் பெறும் முனை 'பழசு' என்று 439 சொல்லித் தள்ளும். அனுப்பும் நிரல், வேலை முடிந்ததுன்னு வரிசையிலிருந்தே அடித்துவிடும். இன்ஃபீடும் அப்படித்தான், இன்எக்ஸ்மிட்டும் அப்படித்தான்.

அரசலாறு:
அப்போ 30 ஆக்கிடலாமா?

கோரையாறு:
ஆக்குங்க, ஆனா தனியா இல்லை. கட்டுரைகளை எத்தனை நாள் வைப்பது என்று சொல்லும் எக்ஸ்பையர்.சிடிஎல்லில் ரிமெம்பர் (வந்த கட்டுரையின் அடையாளத்தை நினைவில் வைக்கும் நாட்கள்) 31 இருக்கணும். குறைந்தால் ஹிஸ்டரி மறந்துபோன கட்டுரை புதுசு போல மறுபடி நுழையும். கும்பகோணத்திலும் கட்டுரைகளை 30 நாளுக்குக் குறையாமல் வைத்திருக்கணும், இல்லைன்னா வரிசையில் பெயர் இருக்கும், சரக்கு இருக்காது. வெறும் எழுத்துக் குழுதானே, டிஸ்க் தாங்கும். ஆர்ட்கட்ஆஃப் இருக்கும் இன்.கான்ஃபைத் திருத்தியதும், பிழை பார்க்கும் இன்செக் ஓட்டுங்க, பிறகு நியூஸ் பயனராக சிடிஎல்ஐஎன்என்டி எக்ஸ்எக்ஸெக் ஐஎன்என்டி (ஐஎன்என்டியை மறுபடி தொடங்கும் கட்டளை) கொடுங்க. நியூஸ்ஃபீட்ஸை மட்டும் ரீலோட் செய்தால் புது ஆர்ட்கட்ஆஃப் ஏறாது.