புதுப்பிப்பு: பெரிய கலம்காரித் துணி ஒருவழியாகச் சுவரேறிவிட்டது!

போன மாதம் கேட்டிருந்தேனே, 90-க்கு 120 செ.மீ. கலம்காரித் துணிக்குச் சட்டம் போடக் கடையில் 280 சிங்கப்பூர் வெள்ளி கேட்கிறார்கள், மலிவாக வழி உண்டா என்று. முடித்துவிட்டேன். மொத்தச் செலவு 40 வெள்ளிக்குள்.

கண்ணாடி யோசனையை முதலில் கைவிட்டேன். இந்த அளவுக்கு 2 மில்லிமீட்டர் கண்ணாடி என்றால் அது மட்டுமே 5 கிலோவைத் தாண்டும். அக்ரிலிக் அதில் பாதிதான், ஆனால் விலை கடிக்கிறது. துணிக்கு இரண்டும் தேவையில்லை என்று நீங்கள் சிலர் சொன்னது சரி.

நான்கு மரச்சட்டங்களை அளவுக்கு அறுத்து வாங்கி, மூலைகளில் எல் வடிவ இரும்புத் தகடு முடுக்கினேன். அடியில் பழைய வெள்ளை வேட்டி, மேலே கலம்காரி, பின்னால் ஸ்டேப்ளர் துப்பாக்கி. முதல் தடவை மூலையிலிருந்து அடித்துக்கொண்டே போனேன். கரையில் இருந்த யானை வரிசை மேடேறப் போவதுபோல் வளைந்துவிட்டது. எல்லாவற்றையும் பிடுங்கி, ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் முதலில் அடித்து, எதிரெதிராக இழுத்துக்கொண்டே மூலைக்கு வந்தேன். இப்போது நேராக இருக்கிறது. அரை நாள் போனது அதற்குத்தான்.

வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் கான்கிரீட் சுவரில் துளை போட ஹாமர் டிரில் வேண்டும். பக்கத்து வீட்டு அண்ணனிடம் இரவல், கூலி ஒரு தே தாரிக் (நுரைக்க ஆற்றிய பால் தேநீர்).

பின்புறம் நான்கு மூலைகளிலும் தக்கைத் துண்டு ஒட்டியிருக்கிறேன். நம்மூர்ப் புழுக்கத்தில் காற்றுப் போக இடமில்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

அம்மா பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் கீழே மாட்டியிருக்கலாம்" என்றார். மாற்றுவதாக இல்லை.