புதுப்பிப்பு: தாத்தாவின் வண்டிச் சக்கரம், பட்டை ஏறியாச்சு

போன மாசம் இங்கே கேட்டிருந்தேன்: பழனி மலையில், பண்ணைக்காட்டு வீட்டில் கிடக்கும் தாத்தாவின் மாட்டுவண்டிச் சக்கரத்தில் இரும்புப் பட்டை ஆடுகிறது, என்ன செய்ய? ஊறப்போடச் சொன்னவர்கள்தான் அதிகம். போட்டேன். மரம் உப்பி ரெண்டு நாள் கல்லாட்டம் நின்றது. காய்ந்ததும் பழையபடி கடகட.

கடைசியில் வத்தலக்குண்டுப் பக்கம் ஒரு ஆசாரியிடம் இறக்கினேன். மனுஷன் பட்டையைத் தொடவே இல்லை. ஆரக்கால்களை ஒவ்வொன்றாகத் தட்டிச் சத்தம் கேட்டார். ரெண்டு மட்டும் பொத்தென்றது. குடத்துக்குள் (சக்கரத்தின் நடுக்கட்டை) போகிற முனை உளுத்துப்போயிருந்தது! வாச்சியால் (மரம் செதுக்கும் கருவி) புதுசு செதுக்கி, உளியால் துளையைச் சீர் பண்ணி இறக்கினார். (ஊறப்போட்டதில் உளுப்பு இன்னும் கூடியிருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.)

அப்புறம்தான் பட்டை. வெட்டி, வட்டையின் (சக்கரத்தின் வெளி மரவளையம்) சுற்றளவுக்கு அரை அங்குலம் குறைத்து ஒட்டினார். சின்னதை எப்படி மாட்டுவது என்று முழித்தேன். 500 டிகிரி சூடேறினால் இரும்பு மீட்டருக்குச் சுமார் 6 மில்லிமீட்டர் நீளும். நாலடி விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவுக்கு அதுவே முக்கால் அங்குலத்துக்கு மேல். வறட்டி நெருப்பிலிருந்து மூணு பேர் குறடால் தூக்கிப் போட்டு, சம்மட்டியால் அடித்து இறக்கி, மரம் பற்றுவதற்குள் தண்ணீர். குளிர்ந்து சுருங்கும்போது ஆரக்கால்கள் நெரிபடும் சத்தம் இருக்கிறதே, அடடா!

அச்சுக்கு மசகு போட்டாச்சு. சக்கரம் கழலாமல் அச்சு முனையில் செருகுகிற ஒரு கடையாணிதான் பாக்கி. பழசு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.