சின்ன வங்கிகள் சேர்ந்து ஏடிஎம் கார்டு அடிக்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கொழிஞ்சாம்பாறை_கிளை

வணக்கம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் ஒரு சிறிய நகரக் கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறேன். எங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசும் விவசாயிகள். கணக்கு எங்களிடம், தேங்காயும் மாங்காயும் விற்பது, உரம் வாங்குவது எல்லாம் பொள்ளாச்சியில். கார்டு இல்லாவிட்டால் அவர்களுக்குக் கை ஒடிந்த மாதிரிதான்.

ஸ்பான்சர் வங்கி, அதாவது எங்களைக் கார்டு நெட்வொர்க்கில் சேர்த்துவிடும் பெரிய வங்கி, அதன் வழியாக ரூபே கார்டு கொடுக்கிறோம். கார்டு அடித்துத் தரும் நிறுவனம் குறைந்தபட்ச எண்ணிக்கை கேட்கிறது. அத்தனை விண்ணப்பம் சேர எங்களுக்கு நாளாகிறது, அதுவரை புதுக் கணக்கு தொடங்கியவர்கள் வந்து வந்து "கார்டு வந்துச்சா சார்" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். சுற்று வட்டாரத்தில் எங்களைப் போலவே இன்னும் மூன்று வங்கிகள் இருக்கின்றன. நான்கு பேரும் சேர்ந்து ஒரே இடத்தில் ஆர்டர் கொடுக்க வழி உண்டா?

அப்புறம் தபால் பிரச்சினை. சித்தூர் தாலுகா முகவரிக்குப் போக வேண்டிய கார்டு ஆந்திராவில் இருக்கும் சித்தூருக்குப் போய்ச் சுற்றிவிட்டு, உறை கசங்கி எங்கள் கிளைக்கே திரும்பி வருகிறது. இதை எங்கே சரிசெய்வது, எங்களிடமா, அச்சடிப்பவரிடமா, கூரியரிடமா?

பெர்சோ_பழைய_ஆள்

சேரலாம் சார். ஆனால் எதைச் சேர்ப்பது, எதைத் தனியாக வைப்பது என்பதில் முதலிலேயே தெளிவு வேண்டும். சென்னையில் கார்டு பெர்சனலைசேஷன் (கார்டில் ஆளின் விவரத்தை ஏற்றும்) பிரிவில் பல வருடம் இருந்தவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வெற்று கார்டு வேறு, அதில் ஆளின் விவரத்தை ஏற்றுவது வேறு. வெற்று கார்டு உலகம் முழுக்க ஒரே அளவு, 85.60-க்கு 53.98 மில்லிமீட்டர், கனம் 0.76. செலவு ஏறுவது சிப்பிலும், அந்தச் சிப்புக்கும் டிசைனுக்கும் ஒப்புதல் வாங்குவதிலும்தான். நான்கு வங்கியும் ஒரே சிப், ஒரே சிப் புரொபைல் (சிப்புக்குள் ஏற்றும் அமைப்பு விவரம்), ஒரே பின்னணி டிசைன் என்று ஒத்துக்கொண்டு, வங்கியின் பெயரையும் லோகோவையும் மட்டும் கடைசியில் அச்சிடுவதற்கு ரூபே நெட்வொர்க்கும் சம்மதித்தால், குறைந்தபட்ச எண்ணிக்கைத் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும். கார்டு ஒட்டி வரும் தாள், உறை, கூரியர் ஒப்பந்தம் இவற்றையும் பொதுவாக வைத்துக்கொள்ளலாம்.

பொதுவாக வைக்கவே கூடாதவை என்றால், எந்த வங்கி என்று காட்டும் கார்டு எண்ணின் தொடக்க இலக்கங்கள், ரகசியச் சாவிகள் (கார்டு உண்மையானதா என்று சரிபார்க்க உதவும் நீண்ட ரகசிய எண்கள்), வாடிக்கையாளர் தகவல். இதில் சாவி விஷயத்தில்தான் கூட்டு முயற்சிகள் சறுக்கும். முழுச் சாவியைத் தனி ஆள் யாரும் பார்க்கக் கூடாது என்பதால் அதைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு அதிகாரி முத்திரையிட்ட உறையில் கொண்டுவருவார். ஒருவர் எச்எஸ்எம் பெட்டியில் (சாவிகளைப் பத்திரமாக வைக்கும் கருவி) தட்டும்போது மற்றவர் திரையைப் பார்க்கக் கூடாது. எல்லாம் ஏறியதும் பெட்டி காட்டும் சரிபார்ப்பு எண்ணைத் தாளில் உள்ளதோடு ஒத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். நான்கு வங்கிக்கும் இதை நான்கு தடவை செய்தே ஆக வேண்டும், நேரம் மிச்சம் என்று யாராவது ஒரே சாவி போதும் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று, ஒரு வங்கியின் சாவியில் இன்னொரு வங்கியின் கார்டு தவறி ஓடிவிட்டால் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது. பெயர் சரி, எண் சரி, ஏடிஎம்மில் செருகினால் மட்டும் மறுக்கும். காந்தப் பட்டையில் ஒரு சரிபார்ப்பு எண், சிப்பில் வேறு ஒன்று, பின்பக்கம் அச்சிட்ட மூன்று இலக்கம் இன்னொன்று, மூன்றுமே சாவியிலிருந்துதான் பிறக்கின்றன. அதனால் மொத்த பேட்ச் ஓடுவதற்கு முன் ஒவ்வொரு வங்கிக்கும் சோதனைக் கார்டு அடித்து ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் போட்டுப் பாருங்கள்.

குடியாத்தம்_சாலை

உங்கள் கார்டு தப்பி வரும் அதே ஆந்திரா சித்தூரிலிருந்து எழுதுகிறேன், இங்கே ஒரு வங்கியில் கார்டு டெஸ்பாட்ச் என் வேலை. உங்கள் பக்கத்து உறைகளை நானே பார்த்திருக்கிறேன்.

காரணம் பெரும்பாலும் கார்டு அடிக்க நீங்கள் அனுப்பும் விவரப் பைலில்தான் இருக்கும். முகவரிக்கு இத்தனை வரி, வரிக்கு இத்தனை எழுத்து என்று அளவு உண்டு. கேரள முகவரியில் வீட்டுப் பெயர், ஊர், தபால் நிலையம், தாலுகா என்று நீண்டுகொண்டே போகும், கடைசியில் வரும் அஞ்சல் குறியீடு வெட்டுப்பட்டுவிடும். மிஞ்சுவது சித்தூர் என்ற பெயர் மட்டும், அதை வைத்துப் பிரிப்பவர் தனக்குத் தெரிந்த ஊருக்கு அனுப்புகிறார். உங்கள் சித்தூர் 678101, எங்களுடையது 517001. அஞ்சல் குறியீட்டுக்குத் தனிக் கட்டம் வையுங்கள், மாநிலம் கேரளா என்று இருந்து எண் 67, 68, 69-இல் தொடங்கவில்லை என்றால் கம்ப்யூட்டர் அந்தப் பதிவை ஏற்கவே கூடாது. இந்த விதியை நான்கு வங்கியும் ஒரே மாதிரி வைத்தால்தான் கூட்டு கூரியருக்கு அர்த்தம்.

பெயரையும் கவனியுங்கள். கார்டில் பெயருக்கு 26 எழுத்துதான் இடம், அதுவும் ஆங்கில எழுத்தில். எங்கள் பக்கம் குடும்பப் பெயர் முன்னால் வரும், தமிழர்களுக்கு இனிஷியல், சிலருக்கு ஆதாரில் அப்பா பெயர் முழுதாக. கம்ப்யூட்டர் தானாக வெட்டினால் ஆளின் சொந்தப் பெயரே போய்விடுகிறது, கார்டை வாங்கிப் பார்க்கிற பெரியவருக்கு அது எவ்வளவு வருத்தம் தெரியுமா. விண்ணப்பத்திலேயே கார்டில் எப்படி வர வேண்டும் என்று கட்டம் போட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.

கொழிஞ்சாம்பாறை_கிளை

ரொம்ப நன்றி, பைலை எடுத்துப் பார்த்தேன், குறியீடு வெட்டுப்பட்டுத்தான் போகிறது. பேசாமல் எல்லாக் கார்டையும் கிளைக்கே வரவழைத்து நேரில் கொடுத்துவிடலாமா?

தணிக்கை_மேசை

கொடுக்கலாங்க, ஆனால் இரண்டு பேர் சேர்ந்தால்தான் திறக்கும் இரட்டைப் பூட்டு வேண்டும், வந்ததும் எண்ணிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். கார்டும் பின் நம்பரும் ஒரே ஊழியர் கையில் சேரவே கூடாது. காகிதத்தில் பின் நம்பர் அனுப்பும் பழக்கத்தை விட்டுவிட்டு, ஏடிஎம்மில் வாடிக்கையாளரே ஓடிபி போட்டு உருவாக்கும் வழிக்கு மாறுங்கள். ஆன்லைன், வெளிநாடு, தட்டிச் செலுத்தும் வசதி எல்லாம் அணைந்த நிலையில்தான் புதுக் கார்டு வெளியே போக வேண்டும், 2020-இலேயே ரிசர்வ் வங்கி சொன்னது இது.

ஒப்பந்தத்தில் நான்கு வங்கியின் பெயர் இருந்தாலும் வாடிக்கையாளரிடம் பதில் சொல்ல வேண்டியது கணக்கு வைத்திருக்கும் வங்கிதான். 2017 டிசம்பரில் கூட்டுறவு வங்கிகளுக்கு வந்த சுற்றறிக்கைப்படி, வங்கி பக்கத்துக் குறையால் பணம் போனால், அவர் புகார் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அவருக்கு ஒரு ரூபாய் நஷ்டம் வரக் கூடாது. கார்டு எந்த இடத்தில் யார் பொறுப்பில் இருந்தது என்று ஒவ்வொரு கைமாறலுக்கும் கையெழுத்து வருகிற மாதிரி ஒப்பந்தத்தை எழுதுங்கள், அச்சுக்கூடத்தில் வீணான கார்டை எண்ணி அழித்த கணக்கு உட்பட.

கொழிஞ்சாம்பாறை_கிளை

சரிங்க. நான்கு வங்கி மேலாளர்களும் உட்காருவதற்கு முன் ஸ்பான்சர் வங்கியிடம் முதலில் என்ன கேட்க வேண்டும்?

பெர்சோ_பழைய_ஆள்

ஏற்கெனவே ஒப்புதல் வாங்கிய சிப் புரொபைல் அவர்களிடம் இருக்கிறதா, அதை நான்கு வங்கியும் பயன்படுத்தலாமா என்று கேளுங்கள். ஆம் என்றால் பாதி வேலை முடிந்தது. பதிலை மெயிலில் எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள்.