வீட்டில் ஒரு ஸ்கூட்டர், ஆளுக்கொரு திசை

பெருங்களத்தூர்க்காரன்:
எனக்கு வேலை கிண்டியில், மனைவிக்குக் கூடுவாஞ்சேரியில். இருப்பது ஒரே ஸ்கூட்டர். மகளைப் பள்ளியில் இறக்கிவிடுவது நான் என்பதால் வண்டியும் என்னிடமே இருந்தது. அப்புறம் ஸ்டேஷன் ஸ்டாண்டில் போட்டுவிட்டு ரயில் ஏறுவேன். பகல் முழுக்க வண்டி அங்கே சும்மா நிற்கும். மனைவி ஷேர் ஆட்டோவில் இடிபட்டுப் போவாள். மின்சார ரயில்களில் பல எங்கள் ஸ்டேஷன் வரை வராமல் தாம்பரத்தோடு திரும்பிவிடுபவை. பள்ளி வாசலில் 5 நிமிடம் தாமதமானாலும் ஆபீஸில் திட்டு எனக்குத்தான்.

மகள் 11-ஆம் வகுப்புக்கு வந்ததும் அரசின் இலவச சைக்கிள் கிடைத்தது. மறுநாளே தோழிகளோடு கிளம்பிவிட்டாள். "அப்போ வண்டி எனக்கு" என்றாள் மனைவி. மறுக்க ஒரு காரணமும் தோன்றவில்லை (யோசித்துப் பார்த்தேன்). ஸ்டேஷனுக்கு இப்போது நடைதான். சாயங்காலம் அவளே மார்க்கெட் போய் வருவதால், "வரும்போது அரை கிலோ தக்காளி" என்று வரும் போனும் நின்றுவிட்டது.

அம்மா கதை இதற்கும் முந்தையது. குரோம்பேட்டை சித்தி வீட்டுக்குப் போக என் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தவர், 2021-ல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்றானதும் நினைத்த நாளில் கிளம்பிவிடுகிறார். டீலக்ஸ் வந்தால் ஏறமாட்டார், வெள்ளை போர்டு வரும்வரை நிற்பார். எனக்கு ஞாயிறு மிச்சம். ஆனால் அவர் போகிற நாளில், 4 மணிக்குப் பள்ளி விட்டு வரும் சின்னவனுக்குக் கதவு திறக்க ஆளில்லை. இப்போதைக்குச் சாவி எதிர் வீட்டில்.

கோவை அக்கா:
எங்கள் வீட்டில் யார் எப்போது கிளம்புவது என்பதைக் குழாய்தான் முடிவு செய்யும். தண்ணீர் வருகிற அன்று ஒருவர் தாமதமாகத்தான் போக முடியும். வருஷக்கணக்கில் அந்த ஒருவர் நான். போன மாதம் சண்டை போட்டு முறை வைத்தோம். அவர் முறை வந்த முதல் நாளே தொட்டி நிரம்பி மாடிப்படி வரை வழிந்திருக்கிறது. மோட்டார் போட்டுவிட்டுப் பேப்பர் படித்தாராம்.

வடபழனி பாட்டி:
இவர் ஓய்வு பெற்றதிலிருந்து காய்கறிக் கடைக்குக்கூடத் துணைக்கு வருகிறார். பஸ்ஸில் எனக்குக் காசில்லை, அவருக்கு 5 ரூபாய். அதனால் நடந்தே போகலாம் என்கிறார். மூட்டு வலி எனக்கு!